டிக்கெட் இல்லாத சேறு

எங்கள் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் இயற்கை இருந்தது உண்மைதான். ஆனால் அதற்கு அனுமதிக் கடிதம் இல்லை. இந்தக் குறை ஆறு வருடங்களாக யார் கண்ணிலும் படாததற்குக் காரணம், கோலா சிலாங்கூரிலிருந்து பெல்மோர் தோட்டத்துக்கு வரும் சாலை குண்டும் குழியுமாகக் கிடந்ததுதான். போன வருடம் சாலையைச் செப்பனிட்டார்கள். உடனே அதிகாரிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் உமாபதி, பெல்மோர் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் ஆசிரியன். ஐந்தாம் ஆண்டு வகுப்பில் எனக்குப் பதினோரு பிள்ளைகள். எங்கள் வகுப்பறையிலிருந்து நாற்பது எட்டு எடுத்து வைத்தால் பண்டு வரும். ஆற்றுநீர் தோட்டத்துக்குள் ஏறாமலிருக்க அந்தக் காலத்துத் துரைமார்கள் போட்ட மண்கரை அது. பண்டுக்கு அந்தப் பக்கம் பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்கள், சேறு, ஒற்றைக் கொடுக்கை மட்டும் பெரிதாக வளர்த்துக்கொண்டு ஊரையே மிரட்டும் குட்டி நண்டுகள், அப்புறம் பெலாச்சாக். பெலாச்சாக் மீன்தான். ஆனால் தண்ணீர் வற்றும்போது மற்ற மீன்களோடு கிளம்பிப் போகாமல் சேற்றிலேயே தங்கி, துடுப்பை ஊன்றித் தவ்வித் திரியும். 'உயிரினங்களின் தகவமைப்பு' என்று பாடநூலில் இதற்கு ஒரு படம் போட்டிருக்கிறார்கள். படம் தவ்வாது என்பதால் நான் பிள்ளைகளைப் பண்டுக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போவேன்.

நீர் வற்றும் நேரம் நாளுக்கு நாள் மாறும். அதனால் அறிவியல் பாடவேளையும் மாறும். கணக்கு ஆசிரியை கோபித்துக்கொள்வார், பிறகு விட்டுக்கொடுப்பார். பிள்ளைகள் சேற்றில் முழங்கால்வரை இறங்கி, நண்டு வளைகளை எண்ணி, ஒருவர்மேல் ஒருவர் சேறு வாரி அடித்துக்கொண்டு, இடையிடையே சூழலியலும் படித்தார்கள். எனக்கு இந்த வேலையில் பிடித்ததே அந்த ஒரு மணி நேரம்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

பாலகிருஷ்ணன் அப்படி ஒரு மணி நேரத்தில்தான் வந்து சேர்ந்தார். கடல்சார் சூழலியல் கற்றல் ஒருங்கிணைப்புப் பிரிவின் துணை ஒருங்கிணைப்பாளர் அவர். காலியான வகுப்பறையைப் பார்த்துவிட்டு, சத்தம் வந்த திசையில் நடந்து, பண்டின்மேல் ஏறி நின்றார். காலில் பளபளக்கும் சப்பாத்து. கழுத்தில் அடையாள அட்டை மூன்று தொங்கியது.

"என்னா சார் நடக்குது இங்க?"

"சூழலியல் பாடம் சார்."

"பாடமா? பிள்ளைங்க கால்ல சேறு இருக்கு!"

துளசி என்றொரு மாணவி. நண்டு பிடித்து விற்கும் அர்ஜுனனின் மகள். விருந்தாளி வந்திருக்கிறாரே என்று ஒரு பெலாச்சாக்கை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அவர் முன்னால் நீட்டினாள். பாலகிருஷ்ணன் இரண்டடி பின்வாங்கினார்.

"கடிக்குமா?"

"கடிக்காது சார். ஆனா கையிலயே மூச்சா போவும்."

அவர் பெலாச்சாக்கைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு என் பக்கம் திரும்பி, "டிக்கெட் எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார்.

"சேத்துக்கா சார்?"

"கேலி பண்ணாதீங்க. களப்பயணம்னா நாலு அம்சம் இருக்கணும். பஸ், டிக்கெட், பேனர், மைக் பிடிச்ச ஒரு வழிகாட்டி. இதுல ஒண்ணாச்சும் இங்க இருக்கா? நடந்து வந்திருக்கீங்க. நடந்து போறதெல்லாம் பயணம்னா, பிள்ளைங்க கழிவறைக்குப் போறதக்கூட நான் ரிப்போர்ட்ல ஏத்தணும் லா."

அடுத்து அவர் கேட்டது பாடவேளை மாறுவதைப் பற்றி. நான் நீர் வற்றும் நேரத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அட்டவணைக்குத்தான் கடல் கட்டுப்படணும், கடலுக்கு அட்டவணை கட்டுப்படக்கூடாது" என்றார். அவர் முகத்தில் சிரிப்பின் அடையாளமே இல்லை.

இரண்டு நாளில் கடிதம் வந்தது. ஒன்று, பண்டுக்கு அப்பால் பாடம் நடத்துவது உடனே நிறுத்தப்படுகிறது. இரண்டு, இந்தப் பள்ளித் தவணைக்குள் தலைநகரிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட நீர்வாழ் காட்சியகம் ஒன்றுக்குச் சூழலியல் களப்பயணம் போய்வர வேண்டும். மூன்று, அறிக்கை திருப்திகரமாக இருந்தால், பின்பக்கச் சேற்றைக் கற்றல் இடமாக அங்கீகரிப்பது பற்றிப் பரிசீலிக்கப்படலாம்.

தலைமையாசிரியர் புஷ்பா அந்த மூன்றாவது வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "ஒரு நாளுதான சார். போயிட்டு வந்து அழகா ரிப்போர்ட் போட்டுக் குடுத்துருங்க. அப்புறம் உங்க சேறு உங்களுக்கு."

அந்தச் சேற்றைத் திரும்ப வாங்குவதற்காக நான் சம்மதித்தேன். அதற்கு மேல் எனக்கு எந்தப் பெரிய நோக்கமும் இருந்ததில்லை.

களப்பயணத்துக்கு முன்னால் ஒரு விளக்கக் கூட்டம், அதற்கு முன்னால் ஒரு பதிவு, அதற்கும் முன்னால் ஆபத்து மதிப்பீட்டுப் படிவம். 'பயணத்தில் மாணவர்கள் நீரைத் தொடும் வாய்ப்பு உண்டா?' என்று படிவம் கேட்டது. இல்லை என்று எழுதினேன். பாராட்டு வந்தது. பேனர் எத்தனை அடி அகலம், பிரிவின் சின்னம் எந்த மூலையில், அதிகாரியின் படம் எந்த அளவில் என்பதெல்லாம் தனிக் கையேடாக இருந்தது. மீன் எந்த அளவில் என்று கையேட்டில் எங்கும் இல்லை.

இவை எல்லாவற்றையும் சமாளித்துவிட்டேன். முன்தேர்வில்தான் மாட்டிக்கொண்டேன்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு பிள்ளைகளுக்குப் பத்துக் கேள்விகள் தர வேண்டும், திரும்பி வந்ததும் அதே பத்தைத் தர வேண்டும். பதினோரு பேரும் பத்துக்குப் பத்து வாங்கினார்கள். பெருமையோடு தாள்களை அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே பாலகிருஷ்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் அத்தனை வேதனை.

"உமாபதி, ஏன் இப்படிப் பண்றீங்க?"

"என்ன சார் ஆச்சு? எல்லாம் சரியான விடைதான்."

"அதானே பிரச்சினை! கற்றல் தாக்கம்னா என்னா? முன்னாடி தெரியாம இருக்கணும், பின்னாடி தெரியணும். நடுவுல இருக்கற வித்தியாசம்தான் எங்க பிரிவோட சாதனை. உங்க பிள்ளைங்க முன்னாடியே எல்லாத்தையும் தெரிஞ்சி வச்சிக்கிட்டா, வித்தியாசம் பூஜ்யம். நாங்க என்னாத்துக்கு இருக்கோம் அப்புறம்?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சேற்றை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். "மறுபடி எழுத வைங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இப்படியாக, ஆறு வருட அனுபவத்தில் முதல் முறையாக, பிள்ளைகளைத் தப்பாக எழுதச் சொல்லி வகுப்பெடுத்தேன். எல்லோரும் உற்சாகமாகிவிட்டார்கள், துளசியைத் தவிர.

"பெலாச்சாக் செவுளுக்குள்ள தண்ணிய அடைச்சி வச்சிக்கும், ஈரத்தோலாலயும் மூச்சு விடும். எனக்குத் தெரியும். தெரியாதுன்னு எப்படி சார் எழுதறது? பொய் சொன்னா திட்டுவீங்கல்ல?"

"இது பொய் இல்லம்மா. முன்தேர்வு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குச் சுருக்கென்றது. மற்றவர்கள் போட்டி போட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். பெலாச்சாக் பெட்ரோல் குடிக்கும் என்று ஒருவன் எழுதினான். நண்டின் பெரிய கொடுக்கு கைப்பேசி பிடிக்க என்று ஒருத்தி எழுதினாள். துளசி எல்லாக் கேள்விக்கும் ஒரே விடைதான் எழுதினாள்: 'தெரியும், சொல்ல மாட்டேன்.' மதிப்பெண் திட்டத்தின்படி அதுவும் தவறுதான். பதினோரு பூஜ்யங்களை அனுப்பி வைத்தேன். 'அருமையான தொடக்கம்' என்று பதில் வந்தது.

பயண நாள் காலை ஆறு மணிக்குப் பஸ் வந்து நின்றது. பிள்ளைகள் ஏறி உட்கார்ந்ததும் அர்ஜுனன் மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் வெள்ளை நிற மீன்பெட்டி.

"வாத்தியாரே, மோட்டார் மக்கர் பண்ணிருச்சி. பாசிர் பெனம்பாங்லருந்து மீன் ஏத்திட்டுப் போற லோரியும் கெளம்பிருச்சி. இத மத்தியானத்துக்குள்ள கேஎல்ல குடுக்கணும். நீங்க அந்தப் பக்கம்தான போறீங்க?"

"என்ன இருக்கு உள்ள?"

"பெலாச்சாக்குதான். கண்ணாடித் தொட்டியில மீன் காட்டறானுங்களே, அவனுங்க கேட்டது. மூணு மாசமா நான்தான் குடுக்கறேன். நம்ம பண்டுக்குப் பின்னால பிடிச்சது."

பெட்டியில் ஒட்டியிருந்த தலைநகர முகவரியைப் பார்த்தேன். நாங்கள் போகும் காட்சியகமேதான். எங்கள் பிள்ளைகள் பார்க்கக் கூடாத இடத்திலிருந்து மீன்கள், எங்கள் பிள்ளைகள் பார்க்க வேண்டிய இடத்துக்கு, எங்கள் பிள்ளைகளோடு ஒரே பஸ்ஸில் போகின்றன. பெட்டியை வாங்கி முன் இருக்கையில் வைத்தேன். வழி நெடுகப் பிள்ளைகள் முறைபோட்டு மூடியைத் திறந்து தண்ணீர் தெளித்தார்கள்.

காட்சியகம் ஒரு பேரங்காடியின் மூன்றாவது மாடியில் இருந்தது. இரண்டாவது மாடியில் கைப்பேசிக் கடைகள், நான்காவதில் திரையரங்கு, நடுவில் கடல். பாலகிருஷ்ணன் தன் காரில் முன்பே வந்து பேனரை விரித்துத் தயாராக வைத்திருந்தார். டிக்கெட் வாங்கினோம். டிக்கெட்டைப் பிடித்தபடி ஒரு படம், பேனரைப் பிடித்தபடி ஒரு படம், இரண்டையும் பிடித்தபடி ஒரு படம்.

தனேஷ் என்ற இளைஞர் மைக்கோடு வந்தார். நல்ல பையன்தான், மனப்பாடம் செய்ததைத் தடுமாறாமல் சொன்னார். 'கோலா சிலாங்கூர் சதுப்புநிலக் காடு' என்று எழுதிய தொட்டியின் முன்னால் எங்களை நிறுத்தினார். உள்ளே பாக்காவ் வேர்கள் இருந்தன. துளசி கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "சார், பிளாஸ்டிக்கு" என்றாள்.

"இங்க தினமும் பதினோரு மணிக்கும் மூணு மணிக்கும் கடல் வத்தும், பிள்ளைங்களா" என்றார் தனேஷ்.

"எல்லா நாளுமா அண்ணே?"

"ஸ்கூல் ஹாலிடேல நாலு வாட்டி வத்தும்."

பாலகிருஷ்ணன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். கடல் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று அதற்குப் பொருள்.

பதினோரு மணிக்கு மோட்டார் உறுமியது, கடல் வற்றியது. சேற்றில் ஒன்றுமே இல்லை. பழைய மீன்கள் போன வாரம் செத்துவிட்டன, புது மீன்கள் வந்துகொண்டிருக்கின்றன என்று தனேஷ் மைக்கை மூடிக்கொண்டு சொன்னார்.

"வந்துருச்சிண்ணே" என்றாள் துளசி. "எங்க பஸ்லதான் வந்துச்சி. நான்தான் தண்ணி தெளிச்சேன்."

பெட்டியைக் கொண்டுபோய்ப் பின்வாசலில் கொடுத்தோம். அங்கிருந்த அலுவலர் மீன்களை உள்ளே விட மறுத்துவிட்டார். உயிருள்ள மீன் அங்கீகரிக்கப்பட்ட வாகனத்தில்தான் வர வேண்டுமாம். பள்ளிப் பஸ் மாணவர்களுக்கு மட்டும் அங்கீகரிக்கப்பட்டதாம். அதில் வந்த மீன்களைத் தொட்டியில் விட்டால் தொட்டியின் அங்கீகாரமே போய்விடுமாம். பதினோரு பிள்ளைகளும் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம்.

மீன் இல்லாமல் அறிக்கை எப்படி? பாலகிருஷ்ணன் கலங்கவில்லை. அலுவலகத்தில் சொல்லி ஒரு பெலாச்சாக் படத்தை அச்செடுத்து, தொட்டியின் கண்ணாடியில் ஒட்ட வைத்தார். பிள்ளைகள் வரிசையாக நின்று அதை வியப்போடு பார்த்தார்கள். "இன்னும் கொஞ்சம் வியப்பு" என்றார் படம் எடுத்தவர். எங்கள் காலடியில் இருந்த பெட்டிக்குள் இருபது பெலாச்சாக்குகள் தவ்விக்கொண்டிருந்த சத்தம் நன்றாகவே கேட்டது. யாரும் குனிந்து பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே பின்தேர்வு நடந்தது. பத்துக்குப் பத்து, பதினோரு பேரும். துளசி மட்டும் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தாள்: 'முன்னாடியே தெரியும்.' அதை நான் அழிக்கவில்லை, அதிகாரியும் படிக்கவில்லை. தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் பெட்டியை அர்ஜுனனிடம் கொடுத்தோம். அவர் மீன்களைப் பண்டுக்குப் பின்னால் விட்டுவிட்டு, "போயி ஊர் சுத்திப் பாத்துட்டு வந்துட்டானுங்க" என்றார்.

பூஜ்யத்திலிருந்து நூறு. மாவட்டத்திலேயே ஆகப்பெரிய கற்றல் தாக்கம் பெல்மோர் தோட்டத்தில் பதிவாயிருந்தது. பாலகிருஷ்ணனுக்கு அதற்காக ஒரு கேடயம் கிடைத்தது. அவர் நன்றி மறக்கிற மனிதர் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எங்கள் சேறு அங்கீகரிக்கப்பட்டது.

அன்று நான் பிள்ளைகளோடு சேர்ந்து கைதட்டினேன். இப்போது நினைத்தால் என்மீதே எரிச்சல் வருகிறது.

இரண்டு மாதத்தில் பண்டை ஒட்டிக் கம்பிவேலி வந்தது. மரப்பலகையால் ஒரு பார்வை மேடை, அதற்கு ஒரு படிக்கட்டு, படிக்கட்டுக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. முன்னால் டிக்கெட் கூண்டு. 'நீல வகுப்பறை' என்று பெரிய பலகை. பார்வை நேரம் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு, தண்ணீர் இருந்தாலும் வற்றினாலும். திறப்பு விழாவில் பாலகிருஷ்ணன் பேசினார்.

"அன்பார்ந்தவர்களே! இந்த இடம் இத்தனை காலமாக எப்படிக் கிடந்தது? யார் வேண்டுமானாலும் வரலாம், பார்க்கலாம், தொடலாம் என்ற பரிதாபமான நிலையில் கிடந்தது. எந்தக் குழந்தையும் எந்தப் படிவமும் இல்லாமல் இயற்கையைக் கற்றுக்கொள்ளும் அபாயம் இருந்தது. அந்த நிலைக்கு இன்று நாம் முற்றுப்புள்ளி வைத்திருக்கிறோம்!"

பலத்த கைதட்டல். எங்கள் பிள்ளைகளும் தட்டினார்கள். அவர்களுக்கு முதல் வரிசையில் இடம் கொடுத்து, வரவேற்பு நடனம் ஆட வைத்திருந்தார்கள்.

விழா முடிந்ததும் நான் விதிமுறைப் பலகையைப் படித்தேன். நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் பள்ளிகளுக்கு மட்டும் அனுமதி என்று ஒரு வரி. பாலகிருஷ்ணனைத் தேடிப் பிடித்தேன்.

"சார், எங்க பிள்ளைங்க?"

"நீங்க ரொம்ப பக்கத்துல இருக்கீங்க உமாபதி. பயணம்னா தூரம் வேணும்ல? பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஆர்வமே வராது. ஆராய்ச்சி அப்படித்தான் சொல்லுது."

"எந்த ஆராய்ச்சி சார்?"

"செஞ்சிக்கிட்டு இருக்கோம் லா."

"அப்ப எங்க பிள்ளைங்க எங்கதான் போறது?"

"காட்சியகத்துக்குப் போங்க. இப்ப அங்க மீன் வந்துருச்சாம்."

அதற்குப் பிறகு பஸ்கள் வந்தன. காஜாங்கிலிருந்து, ஷா ஆலாமிலிருந்து, எங்கெங்கிருந்தோ. தண்ணீர் ஏறிய நாட்களில் வந்த பிள்ளைகள் மேடையில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் பதினோரு பேரும் பெஞ்சின்மேல் ஏறி, ஜன்னல் வழியாக அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார்கள்.

"சார், நம்ம எப்ப போவோம்?" என்று துளசி கேட்டாள். ஒரு தடவை இல்லை, வாரம் முழுக்கக் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் கேட்டபோது இருந்ததைவிட நிறுத்தியபோதுதான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சேற்றை மீட்கப் போனவன், அதை நானே கட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பூஜ்யம் எழுத வைத்த கை என் கைதானே?

அந்த ஆத்திரத்தில்தான் மாதவியைக் கூப்பிட்டேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என்னோடு படித்தவள், இப்போது புக்கிட் செந்தோசாவில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. புலம்பத்தான் கூப்பிட்டேன். அவளோ எனக்கு மேல் புலம்பினாள். அவள் பள்ளியை நீல வகுப்பறைக்கு வரச் சொல்லிக் கட்டளையாம். தேதி கொடுத்து, பேனரும் அடித்தாகிவிட்டது. அதே நாளில் அவள் பிள்ளைகளுக்கு வலைப்பந்து இறுதியாட்டம். போகாவிட்டால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும்.

அவள் சொன்ன தேதியை ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்.

"உமாபதி," என்றாள் மாதவி மெதுவாக, "எங்கிட்ட பேனர் இருக்கு, பிள்ளைங்க இல்ல. ஒங்கிட்ட?"

நீர் வற்றும் நேரம் அச்சிட்ட புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தத் தேதியில் பத்தரை மணிக்குச் சேறு முழுசாக வெளியே வந்துவிடும்.

புஷ்பா டீச்சரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "அன்னிக்கு எனக்கு கோலா சிலாங்கூர்ல மீட்டிங். எனக்கு எதுவும் தெரியாது சார். வெயிலா இருக்கும், தொப்பி போட்டு அனுப்புங்க."

பெற்றோர் கையெழுத்துக்கு அர்ஜுனனிடம் போனேன்.

"எங்க போறாங்க வாத்தியாரே?"

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னால."

"பஸ் எத்தன மணிக்கு?"

"ஆறரைக்கு."

அவர் கையெழுத்துப் போட்டார். எங்கள் தோட்டத்துப் பெற்றோர்கள் அதற்குள் பக்குவப்பட்டிருந்தார்கள்.

ஆறரைக்குப் பஸ் கிளம்பியது. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடி, புக்கிட் செந்தோசாவில் மாதவியின் பள்ளி வாசலில் நின்றது. பேனரைப் பிடித்து ஒரு படம். மாதவி பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலம் கொடுத்து, "பத்திரமா போயிட்டு வாங்க பிள்ளைங்களா" என்று கையசைத்தாள். பஸ் திரும்பியது. அதே ஐம்பது கிலோமீட்டர். பத்து மணி தாண்டி எங்கள் வகுப்பறையிலிருந்து நாற்பது எட்டுத் தூரத்தில் எங்களை இறக்கிவிட்டது. இரண்டு பிள்ளைகளுக்குப் பஸ்ஸில் வாந்தி. அசலான களப்பயணம்.

கூண்டருகே பாலகிருஷ்ணனே நின்றிருந்தார். வரவேற்க வந்திருக்கிறார்! இந்தப் பதினோரு முகங்களையும் அவர் சேற்றில் பார்த்திருக்கிறார், காட்சியகத்தில் பார்த்திருக்கிறார், வரவேற்பு நடனத்தில் பார்த்திருக்கிறார். நான் பேனரை முடிந்தவரை உயர்த்திப் பிடித்து, அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அவர் பேனரைப் படித்தார். அகலம் சரி. சின்னம் சரியான மூலையில் இருந்தது. தன் படத்தை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, "புக்கிட் செந்தோசா! வாங்க வாங்க. ரொம்ப தூரம் வந்துருக்கீங்க இல்ல?" என்றார்.

"ரொம்ப தூரம் சார்" என்றார்கள் பதினோரு பேரும். அதில் ஒரு துளியும் பொய்யில்லை.

"இதான் ஆர்வம்! இங்க பக்கத்துலயே ஒரு ஸ்கூல் இருக்கு. அந்தப் பிள்ளைங்க ஒரு நாளாச்சும் வந்து எட்டிப் பாத்துருக்குமா?"

மேடைக்குக் காவலாளியாகச் சின்னையா என்பவரை வைத்திருந்தார்கள். தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர், துளசியின் பக்கத்து வீட்டுக்காரர். அவர் டிக்கெட்டைக் கிழித்தபடி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஊரு பாப்பா நீ?"

"புக்கிட் செந்தோசா தாத்தா."

"அப்படியா. ஒங்க அப்பன நான் கேட்டேன்னு சொல்லு."

மேடையில் ஏறினோம். கீழே சேறு மின்னிக்கொண்டு கிடந்தது. பெலாச்சாக்குகள் ஒன்றையொன்று துரத்தித் தவ்விக்கொண்டிருந்தன. பிள்ளைகள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். சின்னையா விதிமுறைத் தாளை எடுத்து உரக்க வாசித்தார். கத்தக்கூடாது, ஓடக்கூடாது, தின்னக்கூடாது. கடைசி விதிக்கு வந்ததும் அவர் குரல் நிதானமானது.

"மேடைய விட்டு சேத்துல இறங்கக்கூடாது. தவறி விழுந்த சொந்தப் பொருள எடுக்க மட்டும், உரியவர் இறங்கலாம்."

வாசித்துவிட்டுத் துளசியைப் பார்த்தார். பிறகு அதையே இன்னொரு தடவை, சொல் சொல்லாக நிறுத்தி வாசித்தார்.

துளசி அவரைப் பார்த்தாள். சேற்றைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவேயில்லை. அவளுடைய வலது கால் சப்பாத்து கம்பிக்கு அடியில் வழுக்கிப் போய், 'சொத்' என்று விழுந்தது.

"சார், சப்பாத்து விழுந்துருச்சி."

சின்னையா சேற்றுப் பக்கத்துப் படிக்கட்டின் கதவைத் திறந்துவிட்டார். அவள் மற்ற சப்பாத்தையும் கழற்றி வைத்துவிட்டுப் படியிறங்கினாள். கணுக்கால் புதைந்தது, முழங்கால் புதைந்தது. அவள் சிரித்த சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் இரண்டாவது சப்பாத்து விழுந்தது. மூன்றாவது. பிறகு எண்ண முடியாதபடி சொத் சொத்தென்று விழுந்தன.

"என்னா அது? என்னா நடக்குது?" என்று பாலகிருஷ்ணன் ஓடி வந்தார்.

"புக்கிட் செந்தோசாக்காரங்களுக்கு சப்பாத்து லூசு போல சார்" என்றார் சின்னையா.

பாலகிருஷ்ணன் பையிலிருந்து படிவத்தை உருவினார். தவறி விழுந்த பொருட்களைப் பதிவு செய்ய அதில் மூன்று வரிகள்தான் இருந்தன. கூடுதல் தாள் எங்கே இணைப்பது என்று அவர் பக்கத்தைப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தபோது, நான் குனிந்து என் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தேன்.